சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்? மருந்துக் கவுன்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீட்டை நீட்டியதும் நோயாளியின் மகனோ மகளோ முதலில் கேட்பது விலை. அடுத்தது, "இதைவிடப் பவரானது இருக்கா?" நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எந்த மருந்து எழுதலாம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எழுதிக் கொடுத்த மருந்தை ஏன் எழுதினார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏன் வேறு மருந்து போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும். இதில் உள்ளதெல்லாம் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளின் கணக்கு வேறு.

யூரின் இன்ஃபெக்ஷனில் "சிக்கலானது" எது?

நீர்க்கடுப்பு, அடிக்கடி போவது, எரிச்சல், ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் தொற்று பெரும்பாலும் சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்று அர்த்தம். அது சாதாரண வகை. உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி என்று வந்துவிட்டால் கிருமி சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறியிருக்கலாம். அதுதான் சிக்கலான வகை. கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் டியூப்) போட்டிருப்பவர்களுக்கு வரும் காய்ச்சலும் இதில் சேரும்.

முன்பெல்லாம் ஆண் என்றாலே, சர்க்கரை நோய் என்றாலே "சிக்கலானது" என்ற பட்டியலில் போட்டுவிடுவார்கள். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை மாற்றியது. ஆள் யார் என்பதைவிட, தொற்று சிறுநீர்ப்பையைத் தாண்டிவிட்டதா என்பதே இப்போது முதல் கேள்வி. எனக்கு இது சரியாகவே படுகிறது. சர்க்கரை இருக்கிறது என்பதற்காக வெறும் கடுப்புக்குக்கூட மெரோபெனம் என்ற வீரியமான ஊசி வரை போன சீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எது பெஸ்ட் ஆன்டிபயாடிக்?

பொதுவாகப் பெஸ்ட் என்று எதுவும் இல்லை. மூன்று விஷயம் பொருந்த வேண்டும். உங்கள் உடம்பில் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட கிருமியை மருந்து கொல்ல வேண்டும், கிருமி இருக்கும் இடத்துக்குப் போதுமான அளவில் போய்ச் சேர வேண்டும், உங்கள் சிறுநீரகமும் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளும் அதைத் தாங்க வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் பத்தாயிரம் ரூபாய் ஊசியும் வீண்தான். மூன்றும் பொருந்தினால் இருபது ரூபாய் மாத்திரை போதும்.

போன தடவை நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையிலேயே சரியாயிற்றே, இந்த முறை ஏன் ஊசி?

மேலே சொன்னதில் இரண்டாவது விஷயம் இது. நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிட்டதும் வேகமாகச் சிறுநீரில் இறங்கிவிடும். ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் தங்கும் அளவு மிகக் குறைவு. அதனால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமையான மருந்து, சிறுநீரகத் தொற்றுக்கு உதவாது. தண்ணீரில் கலந்து ஒரே வேளை குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் பொடியும் இதே கதை. யூரினில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு மடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இந்த இரண்டுக்கும் நேராக "வேலை செய்யும்" என்று போட்டிருந்தாலும், குளிர்காய்ச்சலோடு இருப்பவருக்கு இவற்றை நம்ப முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாக்சிஃப்ளாக்சசின் நல்ல மருந்துதான், நுரையீரலுக்கு. சிறுநீரில் போதுமான அளவு இறங்காது. லீவோஃப்ளாக்சசின் எழுதியிருக்கும் இடத்தில் "அதே குடும்பம்தானே" என்று இதை மாற்றிக் கொடுத்தால் தப்பு.

கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகுமாமே. அதற்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

காத்திருக்கத் தேவையில்லை. சாம்பிள் கொடுத்துவிட்டு உடனே மருந்தைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் முதல் டோஸ் உள்ளே போவதற்கு முன்பே சாம்பிள் எடுத்துவிட வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. ஒரு டோஸ் போன பிறகு எடுத்த யூரினில் கிருமி வளராமல் போகலாம். "நோ குரோத்" என்று வரும், காய்ச்சலோ அடிக்கும், அப்புறம் எல்லாரும் குருட்டாம்போக்கில்தான் மருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

சாம்பிள் எடுப்பதிலும் கவனம் தேவை. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் பிடித்து பைக் பெட்டியில் வைத்து, ஆபீஸ் போகும் வழியில் பத்தரை மணிக்குக் கொடுக்கும் சாம்பிளில் வளர்வது எந்தக் கிருமி என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கதீட்டர் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதியது போட்டு, அதிலிருந்து எடுக்க வேண்டும். யூரின் பையிலிருந்து பிடித்துக் கொடுப்பது ஒன்றுக்கும் ஆகாது.

ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு 0.25 என்றும் இன்னொன்றுக்கு 16 என்றும் இருக்கிறது. சின்ன எண் இருப்பதுதான் பவரா?

இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வரும். கூகுள் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கு எம்ஐசி என்று பெயர். கிருமி வளராமல் தடுக்க லேபில் குறைந்தபட்சம் எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்பதன் அளவு. ஒவ்வொரு மருந்தும் உடம்பில் வெவ்வேறு அளவில் சேர்வதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றில் அதிகம் பார்க்கும் ஈ.கோலை கிருமிக்கு நைட்ரோஃபுரான்டாயின் 32 வரை இருந்தாலும் பாஸ். மெரோபெனம் 1-க்கு மேல் போனாலே பாஸ் இல்லை. எண்ணைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். எஸ் என்றால் வேலை செய்யும், ஆர் என்றால் செய்யாது, ஐ என்றால் நடுவாந்தரம், டோஸைக் கூட்டினால் சில சமயம் பலன் கிடைக்கும். எஸ் போட்டிருக்கும் மருந்துகளுக்குள் எதை எடுப்பது என்பதை இந்த எண் சொல்லாது.

சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்), லீவோ (லீவோஃப்ளாக்சசின்) எல்லாம் முன்னே நன்றாகக் கேட்டதே?

கேட்டது உண்மை. இன்றும் கிருமி மடங்கினால் இவை மிக நல்ல மருந்துகள். மாத்திரையாகச் சாப்பிட்டாலும் ஊசி அளவுக்கு ரத்தத்தில் சேரும். சிறுநீரகம், ப்ரோஸ்டேட் இரண்டுக்குள்ளும் நன்றாக இறங்கும். சில நாடுகளில் இன்னும் முதல் வரிசையில் இருக்கின்றன.

நம் ஊரில் பிரச்சினை, கிருமி மடங்குவதில்லை. சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்திய காலத்தின் பலன் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஈ.கோலையில் பாதிக்கும் மேல் இந்தக் குடும்பத்துக்கு அடங்குவதில்லை. அதனால் காய்ச்சலோடு வருபவருக்கு ரிப்போர்ட் வருமுன் இதை மட்டும் நம்பித் தொடங்குவது கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பதுதான். ரிப்போர்ட் வந்து எஸ் என்று இருந்தால் தாராளமாக இதற்கு மாறலாம்.

பக்க விளைவும் கொஞ்சம் உண்டு. குதிகால் தசைநார் வலி அல்லது கிழிதல், சர்க்கரை திடீரென்று இறங்குவது, வயதானவர்களுக்குக் குழப்பம். இன்னொரு விஷயம், நம் நாட்டுக்கே உரியது: இந்தக் குடும்பம் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். சிறுநீரில் சீழ் செல்கள் நிறைய, கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சிறுநீரகக் காசநோயா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் லீவோ கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய் ஒளிந்துகொள்ளும்.

செஃப்ட்ரியாக்சோன், பிப்பராசிலின்-டாசோபாக்டம், மெரோபெனம்: இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் வென்ஃப்ளான் (கை நரம்பில் குத்தும் சின்னக் குழாய்) வழியாக ஏறும்.

செஃப்ட்ரியாக்சோன் விலை குறைவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஈஎஸ்பிஎல் என்ற நொதியைத் தயாரிக்கும் கிருமி என்றால் இதை உடைத்துப் போட்டுவிடும். நம் ஆஸ்பத்திரிகளில் அந்த வகைக் கிருமி நிறைய. சூடோமோனஸ் கிருமிக்கும் இது கேட்காது.

பிப்-டாசோ அந்த நொதியை ஓரளவு கட்டிப்போடும், சூடோமோனஸுக்கும் கேட்கும். ஆனால் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு 2018-இல் வந்த மெரினோ ஆய்வு ஒரு பதில் சொன்னது. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா ரத்தத்தில் பரவிய சுமார் 380 பேரில் ஒரு பாதிக்குப் பிப்-டாசோ, மறுபாதிக்கு மெரோபெனம். பலருக்குத் தொற்று தொடங்கிய இடம் சிறுநீர்ப் பாதைதான். 30 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12.3 சதவீதம், இரண்டாவதில் 3.7 சதவீதம். இத்தனைக்கும் லேப் ரிப்போர்ட்டில் பிப்-டாசோவுக்கு எஸ் என்றே இருந்தது. பிறகு அதே கிருமிகளைத் துல்லியமான முறையில் மறுபடி சோதித்தபோது சில உண்மையில் அடங்காதவை என்று தெரிந்து, வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் ஈஎஸ்பிஎல் கிருமியோடு நிலைமை மோசமாக இருப்பவருக்கு மெரோபெனம் பக்கம் போவது இதனால்தான்.

அப்படியானால் எல்லாருக்கும் மெரோபெனமே போட்டுவிடலாமே என்று தோன்றும். போடலாம். போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், விளைவும் தெரிகிறது. மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் குடும்பத்தையே உடைக்கும் என்டிஎம்-1 நொதி 2008-இல் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு சிறுநீர்த் தொற்றில்தான். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பியவரின் யூரினில் இருந்த கிளெப்சியெல்லா அது. இந்தக் கிருமி இந்தியாவில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010 ஆய்வின் முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அப்போது நொதிக்கு நியூ டெல்லி என்று ஊர் பெயரை வைத்ததற்காக நடந்த சண்டை நினைவிருக்கிறது. கிருமியைப் பற்றி அவ்வளவு சத்தம் கேட்கவில்லை.

இன்னொன்று: எர்டாபெனமும் கார்பபெனம்தான். ஒரு நாளைக்கு ஒரு வேளை என்பதால் டிஸ்சார்ஜ் ஆனபின் தினமும் வந்து போட்டுக்கொண்டு போகலாம். மெரோபெனத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டும். ஆனால் எர்டாபெனம் சூடோமோனஸுக்குக் கேட்காது.

அமிகாசின் கிட்னியைக் கெடுத்துவிடுமாமே?

கெடுக்கக் கூடும், காதையும் பாதிக்கும். போன காது திரும்பாது. ஆனால் இந்தப் பயம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று நினைக்கிறேன். அமிகாசின் சிறுநீரில் மிக அதிக அளவில் சேரும், ஈஎஸ்பிஎல் கிருமிகள் பலவற்றுக்கு இன்னும் கேட்கும், விலை மிகக் குறைவு. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) சரியாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளையாகச் சில நாள் போடுவது ஒன்று. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதான 75 வயதுப் பெரியவருக்குப் பத்து நாள் போடுவது வேறு. எந்தக் காரணத்துக்காகப் போட்டாலும் நடுவில் கிரியாட்டினின் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி.

புதிய மருந்துகள் பற்றிச் செய்தியில் வருகிறதே, அவை மேலா?

இங்கே சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. எல்லாரும் பிப்-டாசோவில் பார்க்கும் டாசோபாக்டம் மூலக்கூறில் ஒரு மெத்தில் தொகுதியைக் கூட்டி, கிருமிக்குள் இன்னும் நன்றாக நுழையும்படி செய்தது சென்னையின் ஆர்க்கிட் பார்மா. பெயர் என்மெட்டாசோபாக்டம். செஃபெபிம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுக்கும் இந்த மருந்துக்கு, சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்காக 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான அல்லியம் ஆய்வில் இதற்கு 79.1 சதவீத வெற்றி, பிப்-டாசோவுக்கு 58.9.

எண்ணைப் பார்த்ததும் பிப்-டாசோ போட்டவர்களில் நாற்பது சதவீதம் பேர் கைவிடப்பட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இந்த ஆய்வுகளில் "வெற்றி" என்றால் இரண்டும் நடக்க வேண்டும்: நோயாளிக்கு உடம்பு தேற வேண்டும், மருந்து நிறுத்திச் சில நாள் கழித்து எடுத்த யூரினிலும் கிருமி போயிருக்க வேண்டும். காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போய் நன்றாக இருப்பவர், யூரினில் கொஞ்சம் கிருமி இருந்தாலும் "தோல்வி" கணக்கில் வருவார். மெரோபெனம்-வாபோர்பாக்டம் மருந்தைச் சோதித்த ஆய்வில் அதே பிப்-டாசோ 94 சதவீதம் வாங்கியது. ஏன்? அங்கே முக்கியக் கணக்கை ஊசி முடிந்த அன்றே எடுத்தார்கள். எனவே ஓர் ஆய்வின் எண்ணை எடுத்து இன்னோர் ஆய்வின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரே ஆய்வுக்குள் இருக்கும் இரண்டு எண்களை மட்டும் ஒப்பிடலாம்.

ஊசி வடிவ ஃபாஸ்ஃபோமைசினும் பிப்-டாசோவோடு மோதி 64.7-க்கு 54.5 என்று வந்திருக்கிறது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம், செஃபிடெரோகால் என்று இன்னும் சில உள்ளன. இவற்றில் என்மெட்டாசோபாக்டமும் அவிபாக்டமும் என்டிஎம் நொதியைத் தடுக்காது. அந்தக் கிருமிக்கு அவிபாக்டம் மருந்தோடு அஸ்ட்ரியோனாம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சாதாரண மருந்துக்கு மடங்கும் கிருமிக்குப் புதியதைப் போடுவதால் நோயாளிக்குக் கூடுதல் லாபம் இல்லை. 2025 வழிகாட்டுதலும் புதியவற்றை முதல் தேர்வாக வைக்கவில்லை.

மொத்தம் எத்தனை நாள்? எல்லாம் ஊசியாகத்தான் போட வேண்டுமா?

காய்ச்சல் இறங்கி, வாந்தி நின்று, கிருமிக்கு ஏற்ற மாத்திரை இருந்தால் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறலாம். ரத்தத்தில் கிருமி இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். தேறிவருபவர்களுக்கு மொத்தம் ஏழு நாள் பெரும்பாலும் போதும் என்பதே இன்றைய நிலை. சிப்ரோ, லீவோ என்றால் ஐந்து முதல் ஏழு நாள்.

ஆண்கள் விஷயத்தில் கொஞ்சம் இழுபறி. காய்ச்சல் இல்லாத ஆண்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில் 7 நாளும் 14 நாளும் ஒரே மாதிரிதான். ஆனால் காய்ச்சலோடு வந்த ஆண்களிடம் பிரான்சில் சிப்ரோ குடும்பத்து ஓஃப்ளாக்சசின் கொடுத்துப் பார்த்தபோது 7 நாளுக்கு 55.7 சதவீதம், 14 நாளுக்கு 77.6 சதவீதம் வெற்றி. கிருமி ப்ரோஸ்டேட்டில் ஒளிந்திருக்கலாம் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஏழு நாள், உங்கள் அப்பாவுக்குப் பதினாலு என்று எழுதியிருந்தால் அதில் தப்பு இல்லை.

ஏற்கெனவே நிறைய மாத்திரை சாப்பிடுகிறார், எதைச் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். அதிலும் வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவர் என்றால் கட்டாயம். மெரோபெனம் போட்டால் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு ஒன்றிரண்டு நாளிலேயே மளமளவென்று இறங்கி வலிப்பு வந்துவிடலாம். டோஸைக் கூட்டினாலும் சரியாவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் ரத்தக்கசிவை உண்டாக்கும். பிபிக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவருக்கு அதே மருந்து பொட்டாசியத்தை ஏற்றும். இரும்புச்சத்து, கால்சியம், ஜெலுசில் வகையறாவோடு சேர்த்துச் சிப்ரோ சாப்பிட்டால் மருந்து ரத்தத்துக்குப் போகாது. சிப்ரோவை இரண்டு மணி நேரம் முன்னதாகவே சாப்பிட்டுவிட வேண்டும்.

கர்ப்பிணி என்றால்?

முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த செஃபலோஸ்போரின் வகையே பெரும்பாலும் கை கொடுக்கும். சிப்ரோ வகையையும் அமிகாசினையும் தவிர்ப்பார்கள்.

அப்பாவுக்குக் கதீட்டர் இருக்கிறது. யூரின் கலங்கல், வாடை. கல்ச்சரில் கிருமி, ஆனால் காய்ச்சல் இல்லை. மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர். சரியா?

சரி. நெடுநாள் டியூப் போட்டவர் யாருடைய யூரினை எடுத்தாலும் ஏதாவது கிருமி இருக்கும். கலங்கலும் வாடையும் மட்டும் இருந்தால் அது தொற்று ஆகாது. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் போன்ற சிலரைத் தவிர, தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுத்தால் அடுத்த முறை வரும் கிருமிதான் முரடாகும். மருந்து எழுதாத டாக்டரை மாற்றிவிட்டு எழுதுகிறவரைத் தேடிப் போவது, நான் பார்த்தவரை, இந்த விஷயத்தில்தான் அதிகம்.

சரியான மருந்து போட்டும் மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. மருந்தை மாற்றச் சொல்லலாமா?

மருந்தை மாற்றுவதற்கு முன் ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். கல் அடைத்து மேலே சீழ் தேங்கியிருந்தால் எந்த ஆன்டிபயாடிக்கும் தனியாக ஜெயிக்காது. ஸ்டென்ட் வைத்தோ குழாய் போட்டோ வடித்துவிட வேண்டும். சீழ்க்கட்டியும் அப்படித்தான். கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்திலேயே வாயு சேரும் ஒரு வகை உண்டு. அதைக் கண்டுபிடிப்பது சிடி ஸ்கேன்தான்.

சீட்டு இல்லாமல் நாலு மாத்திரை மட்டும் தர முடியுமா?

முடியாது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின், கார்பபெனம் உள்ளிட்டவை 2014 மார்ச் முதல் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் உள்ளன. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். குளிர் நடுக்கம், மூச்சு வாங்குதல், குழப்பமாகப் பேசுதல், யூரின் குறைதல், பிபி இறங்குதல் என்று எது இருந்தாலும் அவருக்குத் தேவை நாலு மாத்திரை இல்லை, ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குப் போவதுதான். போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும், கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் ஸ்ட்ரிப்புகளையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு அவை மிகவும் உதவும்.